வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் ஓடும் இணையதளம் வெளியில் திறக்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கம் வீட்டிலேயே ஒரு சின்ன சர்வர் வைத்து இணையதளம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். பாரம்பரிய நெல் விதைப் பட்டியல், ஊர்க்கோயில் கல்வெட்டுப் படங்கள், பாத்திரக் கடையின் விலை விவரம் என்று ஒவ்வொருவரும் ஒன்று வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சரக்கு நம் வீட்டுப் பெட்டியிலிருந்தே உலகத்துக்குப் போவது நல்ல காரியம், அதை விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம். ஆனால் பெரும்பாலோர் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறார்கள்: வீட்டுக்குள் தளம் வருகிறது, வெளியில் வருவதில்லை. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே. எதையும் மாற்றும் முன் முதல் மூன்றையாவது படித்துவிடுங்கள்.

வீட்டு வைஃபையில் நன்றாக வருகிறது. சென்னையில் இருக்கும் தம்பிக்கு வரவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் வாய்க்காலோடு மேலே நடந்து எந்த மதகு அடைத்துக் கிடக்கிறது என்று பார்ப்போம் அல்லவா, அதே வேலைதான் இது. தம்பி தளத்தின் பெயரைத் தட்டியதும் அது ஒரு ஐபி முகவரியாக மாற வேண்டும். அந்த முகவரி உங்கள் இணைப்புக்கே உரியதாக இருக்க வேண்டும். இணைய நிறுவனம் அதை வீடு வரை விட வேண்டும். பிறகு ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி, அதற்குப் பின்னால் நீங்கள் வாங்கி வைத்த ரௌட்டர், சர்வரின் ஃபயர்வால் (எதை உள்ளே விடுவது என்று பார்க்கும் காவல்), கடைசியில் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் நிரலான என்ஜின்எக்ஸோ அப்பாச்சியோ. இதில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை.

அது தெரியாமல் ரௌட்டரில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் சரியாக இருந்ததும் கெட்டுப்போகும். யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் செய்வது, ரௌட்டரின் அமைப்புப் பக்கங்கள் எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்து வைப்பதுதான். நீங்களும் செய்யுங்கள்.

வீட்டிலிருந்தே தளத்தின் பெயரைத் தட்டினால் ரௌட்டரின் லாகின் பக்கம் வருகிறது. போர்ட் ஃபார்வர்டிங் தப்பா?

அவசியமில்லை. வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு, அதாவது எண்ணிட்ட வாசலுக்கு, வருவதை ரௌட்டர் உள்ளே சர்வருக்குத் திருப்பிவிடுவதுதான் போர்ட் ஃபார்வர்டிங். வீட்டுக்குள் இருந்துகொண்டு வீட்டின் வெளி முகவரியைக் கேட்டால், அந்தக் கேள்வி ரௌட்டர் வரை போய்த் திரும்பி உள்ளே வர வேண்டும். இப்படித் திருப்பிவிடுவதை ஹேர்பின் நாட் என்பார்கள். விலை குறைந்த ரௌட்டர்கள், ஓஎன்டி பெட்டிகள் பலவற்றில் இது இருப்பதில்லை. அப்போது ரௌட்டர் தன்னையே கேட்கிறார்கள் என்று நினைத்துத் தன் லாகின் பக்கத்தைக் காட்டும், அல்லது ஒன்றும் காட்டாது.

ஆகவே வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு 'வெளியில் வருகிறதா' என்று பார்ப்பதில் பயனில்லை. ஃபோனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். பிரௌசரில் புதிய மறைநிலை ஜன்னலைத் திறந்து பாருங்கள், பழைய பக்கம் சேமிப்பிலிருந்து வந்து ஏமாற்றாமல் இருக்கும். வீட்டுக்குள்ளும் பெயர் வைத்தே திறக்க வேண்டும் என்றால், வீட்டு டிஎன்எஸ்ஸில் (பெயரை முகவரியாக மாற்றும் ஏற்பாடு) அந்தப் பெயருக்கு 192.168 என்று தொடங்கும் உள் முகவரியைக் கொடுத்துவிடலாம்.

போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் சரியாகப் போட்டும் வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஏன்?

நம் பகுதியில் இதற்கு முதல் காரணமாக நான் சந்தேகப்படுவது சிஜிநாட், அதாவது இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பது. இதைச் சோதிக்கும் முன் வேறெதையும் தொட வேண்டாம்.

ரௌட்டரின் பக்கத்துக்குள் போய் நிலை பற்றிய பகுதியில் டபிள்யூஏஎன் ஐபி (ரௌட்டரின் வெளிப்பக்க முகவரி) என்று என்ன போட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வீட்டு வைஃபையில் கூகுளிலோ வேறு தளத்திலோ 'என் ஐபி என்ன' என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறது, அடுத்த கேள்வியை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததற்குப் போகலாம். வேறு வேறாக இருந்தால், நடுவில் யாரோ ஒருவர் இன்னொரு நாட், அதாவது முகவரியை மாற்றி அனுப்பும் ஏற்பாடு, வைத்திருக்கிறார்.

ரௌட்டர் காட்டும் எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், சிஜிநாட்தான். இந்தத் தொகுப்பு இதற்கென்றே 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்டது. முதல் எண் 100 என்பதால் மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டாவது எண் 64க்கும் 127க்கும் நடுவில் இருக்க வேண்டும், மற்றவை சாதாரணப் பொது முகவரிகள். ரௌட்டர் காட்டுவது 10 என்றோ, 192.168 என்றோ, 172.16 முதல் 172.31 வரையோ தொடங்கினால் இரண்டு வாய்ப்பு உண்டு: நிறுவனத்தின் நாட், அல்லது உங்கள் வீட்டு ஓஎன்டி பெட்டியே ஒரு ரௌட்டராக நடந்துகொள்வது. இதைப் பிரித்துப் பார்க்க, பாக்கெட் (தரவுத் துண்டு) போகும் வழியை வரிவரியாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளை போதும். விண்டோஸில் ட்ரேசர்ட் என்று இருக்கும். முதல் வரி உங்கள் ரௌட்டர், இரண்டாவது வரி 192.168.1.1 போன்ற ஓஎன்டி முகவரி, மூன்றாவது வரியிலேயே பொது முகவரி என்றால் பிரச்சினை அநேகமாக வீட்டுக்குள்தான், நீங்களே தீர்க்கலாம். இரண்டாவதோ மூன்றாவதோ 100.64 வகை வந்தால் அது நிறுவனத்தின் பக்கம்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? ஐபிவி4 முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி. ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரி வழங்கும் ஏபிநிக் 2011 ஏப்ரல் 15 அன்றே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஃபைபர் இழுத்த நிறுவனங்களுக்கு வீட்டுக்கு ஒரு முகவரி கொடுக்க இருப்பு இல்லை. ஒரு பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளைச் சேர்த்துவிடுகிறார்கள். யூடியூப் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. வெளியிலிருந்து உள்ளே வர வேண்டியவர்தான் வாசலில் நிற்கிறார். அந்த வாசல் உங்கள் ரௌட்டரில் இல்லை, நிறுவனத்திடம் இருக்கிறது. அதனால்தான் உங்கள் போர்ட் ஃபார்வர்டிங் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதற்கு வேலையே வருவதில்லை.

சிஜிநாட் என்று தெரிந்துவிட்டது. இனி என்ன?

முதலில் இணைப்பு கொடுத்தவரிடம் கேளுங்கள். உள்ளூர் கேபிள்காரர் மூலம் ஃபைபர் வாங்கியிருந்தால், "அண்ணே, நெட் வரலைன்னு சொல்லலை. எனக்கு பப்ளிக் ஐபி வேணும், ஸ்டாட்டிக்கா இருந்தா நல்லது, என்ன செலவாகும்?" என்று நேராகக் கேட்பது நல்லது. 'வெப்சைட் ஓப்பன் ஆகலை' என்று மட்டும் சொன்னால் ஆள் வந்து வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் போவார். "அதெல்லாம் கம்பெனிகளுக்குத்தான் சார்" என்று பதில் வந்தால், மேலே எந்த நிறுவனத்தின் இணைப்பு என்று விசாரித்து அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள். மாதக் கூடுதல் கட்டணத்தில் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன.

அது கிடைக்காவிட்டால் டனல். உள்ளிருந்து வெளியே ஒரு இணைப்பைத் திறந்து வைத்து, அதன் வழியாகவே பார்வையாளர்களை உள்ளே கொண்டுவருவது. உள்ளிருந்து வெளியே போவதை சிஜிநாட் தடுப்பதில்லை, ஆகவே போர்ட் ஃபார்வர்டிங்கே தேவைப்படாது. கிளவுட்ஃபிளேர் டனலை இலவசமாகப் பயன்படுத்தலாம், ஆனால் உங்கள் டொமைனின் நேம்சர்வரை அவர்களிடம் மாற்ற வேண்டும், இலவசத் திட்டத்தில் ஒரே தடவையில் 100 எம்பிக்கு மேல் தளத்துக்கு ஏற்றவும் முடியாது. கோயில் உற்சவக் காணொளிகளை ஏற்ற நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டெயில்ஸ்கேல் ஃபனல் இன்னும் எளிது, ஆனால் பெயர் அவர்களுடைய டொமைனின் கீழ்தான் அமையும்.

மூன்றாவது வழி, மாத வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (வேறொரு நிறுவனத்தில் பொது முகவரியோடு ஓடும் சர்வர்) எடுத்து, அதற்கும் வீட்டுக்கும் நடுவில் வயர்கார்ட் என்ற மறையாக்க டனலைப் போடுவது. கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனாலும் என்னைக் கேட்டால் இதுதான் நல்ல வழி. முகவரி உங்களுடையது, https பூட்டுக்கான சான்றிதழ் உங்கள் வீட்டுச் சர்வரிலேயே இருக்கும், நடுவில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, நாளைக்கு இணைய நிறுவனத்தை மாற்றினாலும் தளத்துக்கு ஒன்றும் ஆகாது.

பொது முகவரி இருக்கிறது, ஃபார்வர்டிங்கும் இருக்கிறது. ஆனால் மொபைலில் திறந்தால் கேமராவின் லாகின் பக்கம் வருகிறதே?

வீட்டில் சிசிடிவி இருக்கிறது அல்லவா? அந்த டிவிஆர் பெட்டிதான். பல டிவிஆர்கள் இணையதளங்களுக்கான 80ஆம் போர்ட்டில் தங்கள் பக்கத்தை வைத்திருக்கும். ரௌட்டரில் யூபிஎன்பி (கருவிகள் தாங்களே போர்ட் திறந்துகொள்ளும் வசதி) இயங்கினால், யாரையும் கேட்காமல் அந்தப் போர்ட்டைத் தனக்கென்று திறந்துகொள்ளும். ஒரு போர்ட்டை ஒருவருக்குத்தான் திருப்பிவிட முடியும், உங்கள் சர்வருக்குப் போக வேண்டியது கேமராவுக்குப் போகிறது.

யூபிஎன்பியை அணைத்துவிட்டு ரௌட்டரை ஒருமுறை நிறுத்தி இயக்குங்கள். டிவிஆரின் கடவுச்சொல்லையும் அன்றைக்கே மாற்றுங்கள். உங்களுக்குத் தெரிந்த அந்த லாகின் பக்கம் இத்தனை நாளும் ஊருக்கே தெரிந்திருக்கிறது. ரௌட்டரின் தொலைநிர்வாக வசதியும் இதே போல 80ஐயோ, https தளங்களுக்கான 443ஐயோ பிடித்து வைத்திருக்கலாம், அதையும் அணையுங்கள்.

நேற்று வரை வந்தது, இன்று வரவில்லை. எதையும் மாற்றவில்லை.

சர்வரின் உள் முகவரி மாறியிருக்கும். நேற்று 192.168.1.5, மின்சாரம் போய் வந்ததும் 192.168.1.8. ஃபார்வர்டிங் இன்னும் 5க்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது, அந்த எண் இப்போது அக்காவின் ஃபோனிடம் இருக்கிறது. ரௌட்டர் உள் முகவரிகளைப் பங்கிடும் டிஹெச்சிபி பகுதியில், சர்வரின் மேக் முகவரிக்கு (கருவியிலேயே பதிந்த அடையாள எண்) ஒரு நிலையான எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.

அல்லது வெளி முகவரி மாறியிருக்கும். அதற்கு, மாறும் முகவரியைப் பெயரோடு தானாகச் சேர்த்துவிடும் டைனமிக் டிஎன்எஸ் வேண்டும். டக்டிஎன்எஸ், நோ-ஐபி போன்றவை இருக்கின்றன, ரௌட்டரிலேயே அமைக்கும் வசதியும் பலவற்றில் உண்டு. சிஜிநாட் உள்ள வீட்டில் ரௌட்டர் தன்னிடம் உள்ள 100.64 வகை முகவரியை அப்படியே அனுப்பிவிடுவதும் உண்டு, பெயர் எங்கே போகிறது என்று என்எஸ்லுக்கப் கட்டளையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓஎன்டி ஒன்று, நான் வாங்கிய ரௌட்டர் ஒன்று. இரண்டிலும் ஃபார்வர்டிங் போட வேண்டுமா?

இரண்டும் ரௌட்டராக இயங்கினால் ஆமாம்: ஓஎன்டியிலிருந்து உங்கள் ரௌட்டருக்கு, அங்கிருந்து சர்வருக்கு. இதைவிட ஓஎன்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரௌட்டர் வேலை செய்யாமல் அப்படியே கடத்துவது) மாற்றச் சொல்லி, பிபிபிஓஇ என்ற இணைப்பு முறைக்கு நிறுவனம் தரும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உங்கள் ரௌட்டரில் போடுவது சுத்தமான வழி. வேலைக்கு வரும் பையனிடமே கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்.

பிரௌசரில் வரும் பிழைச் செய்தியிலிருந்து ஏதாவது தெரியுமா?

நிறையத் தெரியும். அதனால்தான் 'ஓப்பன் ஆகலை' என்று சொல்பவரிடம், திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்பேன்.

'என்எக்ஸ்டொமைன்' என்று வந்தால் பெயரே முகவரியாக மாறவில்லை. டிஎன்எஸ் பக்கம் போங்கள், ரௌட்டருக்கு இதில் வேலை இல்லை. 'டைம்டு அவுட்' என்றால் கேள்வி எங்கோ விழுங்கப்பட்டுவிட்டது, பதில் சொல்ல ஆளில்லை: சிஜிநாட், நிறுவனம் போர்ட்டை மூடியிருப்பது, ஃபயர்வால், தவறான உள் முகவரி. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் ஏதோ ஒரு இயந்திரம் வரை கேள்வி போய்ச் சேர்ந்து, அங்கே அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. பெரும்பாலும் என்ஜின்எக்ஸ் நின்றுபோயிருக்கும். 502 வந்தால் சந்தோஷப்படுங்கள், சர்வர் வரை வழி திறந்துவிட்டது. பின்னால் ஓடும் பிஎச்பியோ வேறு நிரலோ மட்டும்தான் எழவில்லை. டனல் போட்டவர்களுக்கு இதில் ஒரு திருத்தம்: அங்கே 502ஐ டனல்காரரே அனுப்பியிருக்கலாம்.

பாக்கெட் என் வீடு வரை வருகிறதா இல்லையா என்று உறுதியாகப் பார்க்க முடியுமா?

முடியும். என்னைக் கேட்டால் இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். லினக்ஸ் சர்வரில், வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை 80, 443 போர்ட்டுகளை மட்டும் கவனிக்கும்படி ஓடவிடுங்கள். தம்பியை ஃபோனில் கூப்பிட்டு, "இப்போ தட்டு" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பாருங்கள்.

திரை அசையவே இல்லை என்றால் பாக்கெட் சர்வருக்கு வரவில்லை. தவறு ரௌட்டரிலோ அதற்கு மேலோ இருக்கிறது, சர்வரைத் தொட வேண்டாம். ஒரு வரி வந்து, ஒரு வினாடி கழித்து அதே வரி, பிறகு இரண்டு வினாடி கழித்து, நாலு வினாடி கழித்து மீண்டும் மீண்டும் வருகிறது, உங்கள் பக்கத்திலிருந்து பதில் வரியே இல்லை என்றால் சர்வரின் ஃபயர்வால் அதை ஓசையில்லாமல் கீழே போடுகிறது. பதில் வரியும் போகிறது, ஆனாலும் எதிர்ப்பக்கம் கேட்டதையே கேட்கிறது என்றால் பதில் வேறு வழியில் போய்த் தொலைகிறது. ஃபைபர் ஒன்றும் 4ஜி டாங்கிள் ஒன்றும் சேர்த்து வைத்திருக்கும் வீடுகளில் இதைப் பார்க்கலாம்: கேள்வி ஃபைபரில் வரும், சர்வரின் டீஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வழக்கமான வாசல்) டாங்கிள் பக்கம் இருப்பதால் பதில் அங்கே போகும்.

சர்வரிலேயே திறந்தால் வருகிறது, பக்கத்து லேப்டாப்பில் கூட வரவில்லை.

நிரல் 127.0.0.1ல், அதாவது அந்த இயந்திரத்துக்குள்ளேயே, மட்டும் காத்திருக்கிறது. எல்லா முகவரிகளிலும் கேட்கும் 0.0.0.0க்கு மாற்றுங்கள். விண்டோஸ் என்றால் வீட்டு நெட்வொர்க் 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டு, அதனால் ஃபயர்வால் தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

சிலருடைய மொபைலில் மட்டும் வரவில்லை. வைஃபையில் இருப்பவர்களுக்கு வருகிறது.

நம் நாட்டு மொபைல் இணைப்புகளில் ஐபிவி6 (நீண்ட முகவரிகள் கொண்ட புதிய முறை) பரவலாக இருக்கிறது. உங்கள் டொமைனில் எப்போதோ போட்ட ஏஏஏஏ பதிவு (பெயருக்கான ஐபிவி6 முகவரிப் பதிவு) பழைய ஐபிவி6 முகவரியைக் காட்டிக்கொண்டிருந்தால் அவர்கள் அங்கே போய் முட்டுவார்கள். பதிவைச் சரிசெய்யுங்கள், இல்லையேல் நீக்குங்கள்.

இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். சிஜிநாட் உள்ள வீட்டிலும் உண்மையான ஐபிவி6 முகவரி கிடைக்கக்கூடும். சர்வரில் 2 என்று தொடங்கும் நீண்ட முகவரி இருக்கிறதா பாருங்கள். எஃப்இ80 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும்தான். ஐபிவி6ல் ஃபார்வர்டிங் கிடையாது, ரௌட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் சர்வருக்கு 443ஐ அனுமதித்தால் போதும். ஐபிவி4 மட்டுமே உள்ள பார்வையாளர்களுக்காக முன்னால் கிளவுட்ஃபிளேரின் இடைநிலைச் சேவையை வைத்தால், அவர்களையும் ஐபிவி6 வழியாக உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும். ஐபிவி6 முகவரியின் முன்பகுதி (முன்னொட்டு) மாறும் இணைப்பு என்றால் இங்கேயும் டைனமிக் டிஎன்எஸ் வேண்டும்.

சான்றிதழ் வாங்க முடியவில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் தோல்வி என்கிறது.

இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட், தளம் உங்களுடையதுதானா என்று பார்க்கும் வழக்கமான சோதனை வெளியிலிருந்து 80ஆம் போர்ட்டுக்குத்தான் வரும். 443 மட்டும் திறந்து வைத்திருந்தால் தோல்விதான். சில நிறுவனங்கள் வீட்டு இணைப்பில் 80ஐ உள்ளே விடுவதில்லை. அப்போது டிஎன்எஸ் வழிச் சோதனையைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு எந்தப் போர்ட்டும் வேண்டாம். திரும்பத் திரும்ப முயலாதீர்கள், ஒரு பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 தோல்விக்கு மேல் போனால் காத்திருக்கச் சொல்லிவிடுவார்கள். முதலில் அவர்களுடைய சோதனைச் சர்வரில் (ஸ்டேஜிங்) ஓட்டிப் பாருங்கள்.

வழக்கமான சான்றிதழின் ஆயுள் 90 நாள். காலாவதி நெருங்கும்போது வந்த நினைவூட்டல் மின்னஞ்சலை 2025 ஜூனோடு நிறுத்திவிட்டார்கள், ஆகவே தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு ஓடுகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

.இந்தியா என்று முடியும் தமிழ் டொமைன் வைத்திருக்கிறேன். பெயர் சரியாகப் போகிறது, ஆனால் என்ஜின்எக்ஸ் வேறு பக்கத்தைக் காட்டுகிறது.

தமிழில் டொமைன் வைத்ததற்கே முதலில் வாழ்த்து. பிரௌசர் தமிழ்ப் பெயரை அப்படியே அனுப்பாது, எக்ஸ்என் என்று தொடங்கும் பியூனிகோட் வடிவத்துக்கு மாற்றித்தான் அனுப்பும். என்ஜின்எக்ஸ் அமைப்பில் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால் பொருந்தாது, பியூனிகோட் வடிவத்தையே எழுதுங்கள். சான்றிதழ் கேட்கும்போதும் அந்த வடிவம்தான்.

சிறிய பக்கங்கள் வருகின்றன, படம் உள்ள பக்கம் பாதியில் தொங்குகிறது.

பிபிபிஓஇ இணைப்பில் ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு வழக்கமாக 1492, வீட்டுக்குள் 1500. பெரிய பாக்கெட் வெளியே போக முடியாமல் நிற்கிறது. ரௌட்டரில் பாக்கெட் அளவைக் குறைக்கச் சொல்லும் எம்எஸ்எஸ் கிளாம்பிங்கை இயக்குங்கள், அல்லது சோதனைக்குச் சர்வரின் எம்டியூவை (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1400க்கு இறக்கிப் பாருங்கள். உடனே சரியானால் காரணம் இதுதான்.

ஒன்றுமே பிடிபடவில்லை. சர்வரை டிஎம்இசட்டில் போட்டுவிடலாமா?

வேண்டாம். எல்லாப் போர்ட்டையும் ஒரே இயந்திரத்துக்குத் திறந்துவிடும் வேலை அது. 80, 443 போதும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் 22, 3389 இரண்டையும் வெளியில் திறக்கவே வேண்டாம். இணையத்தில் முகவரிகளைத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன, தளம் உங்களுடையதா பெரிய வங்கியுடையதா என்று அவற்றுக்குத் தெரியாது.

மின்சாரம் போய் வந்தால் தளம் தானாக எழுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன செய்வது?

மின்சாரம் வந்ததும் சர்வர் முந்தி எழும், ரௌட்டர் பிந்தி எழும். என்ஜின்எக்ஸைக் குறிப்பிட்ட உள் முகவரியில் காத்திருக்கச் சொல்லியிருந்தால், அந்த முகவரி இன்னும் வராததால் அது தொடங்காமல் நின்றுவிடும். 0.0.0.0 என்று வையுங்கள். வயர்கார்ட் வைத்தவர்களுக்கு இன்னொன்று: ராஸ்ப்பெர்ரி பை 4 வரை பேட்டரிக் கடிகாரம் கிடையாது. திடீரென அணைந்து எழுந்தால் அதன் நேரம் பின்தங்கியிருக்கும், ஏற்கெனவே பார்த்ததைவிடப் பழைய நேர முத்திரையோடு வரும் தொடர்பை எதிர்முனை ஏற்காது. நேரம் சரியாகும் வரை டனல் எழாது. நேரம் ஒத்திசைக்கும் சேவை டனலைச் சாராமல் நேரடியாக வெளியே போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓஎன்டிக்கும் ரௌட்டருக்கும் 12 வோல்ட் சிறிய யூபிஎஸ் வாங்குங்கள். ஓஎன்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபர் அறுந்திருக்கிறது அல்லது கேபிள்காரரின் பக்கம் அணைந்திருக்கிறது. உங்கள் சர்வரில் தேட ஒன்றுமில்லை. இடி இறங்கும் நாளில் ஃபைபர் வழியாக மின்தாக்கு வராது, அடாப்டர் வழியாகவும் மாடிக் கேமராவிலிருந்து இறங்கும் செப்புக் கம்பி வழியாகவும் வரும். ஊரை விட்டுப் போகும்போது அந்த இரண்டையும் கழற்றிவிட்டுப் போங்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபின் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு வாரத்துக்கு யூபிஎஸ் உதவாது. தளத்தின் கோப்புகளும் தரவுத்தளமும் வாரம் ஒருமுறை வெளியூரில் உள்ள ஒரு இடத்துக்குத் தானாகப் போகட்டும். டொமைனின் டிடிஎல்லை (மற்றவர்கள் உங்கள் முகவரியை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடியில் வைத்திருங்கள், அப்போதுதான் ஒரு விபிஎஸ்ஸில் நகலை ஏற்றிப் பெயரை அங்கே திருப்பிவிட்டால் சில நிமிடங்களிலேயே பெரும்பாலோருக்குத் தளம் வந்துவிடும். டொமைன் நிறுவனத்தின் கடவுச்சொல் அணைந்து கிடக்கும் அந்த வீட்டுக் கணினியில் மட்டும் இருந்துவிடக் கூடாது, ஒரு தாளில் எழுதி வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.